ஈரக் கழிவு

ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோ
ஈரக் கழிவு.
மழை பெய்தாலும் அதுதான்,
ஜனவரி உறைபனியில் இலை கருகிக்
காகிதமாய் நொறுங்கினாலும் அதுதான்.
கோத்தகிரிக்குக் கீழே ஏழாவது வளைவில்
கூட்டுறவு ஆலையின் தகரக் கொட்டகையில்
பதினோரு வருடமாக இதை எழுதுகிறவள் நான்.

சீட்டில் விலைக் கட்டம் மட்டும் காலி.
குன்னூரில் ஏலம் முடிந்து
யாரோ கூட்டி, யாரோ வகுத்து
போன மாதம் விற்றதற்கு
இந்த மாதம் விலை வரும்.
வேறு எந்தக் கடையிலாவது
பொருளைக் கொடுத்துவிட்டு
முப்பது நாள் கழித்து
"எவ்வளவுக்கு விற்றேன்?" என்று
விற்றவனே வந்து கேட்பானா?

ஜூனில் கொழுந்து வெடித்தது.
தனியார் ஆலைகள் மூன்றும் ஒரே காலையில்
பலகை தொங்கவிட்டன:
ஆளுக்கு நாற்பது கிலோ.
போட்டி என்பார்கள் இதை.
மூன்று பலகைக்கும் ஒரே பெயிண்ட்.
எங்களுக்கு இரண்டு பாய்லர்.
ஒன்று கொட்டகையில் இருக்கிறது,
மற்றது கோப்பில்.
ஒரு வால்வு மாற்ற ஒரு கையெழுத்து
சென்னைக்கு இறங்கிப் போனது,
இன்னும் மலை ஏறவில்லை.
நாங்களும் சொன்னோம், நாற்பது.

பெள்ளியம்மாள் கொண்டுவந்தது நூற்றுப் பத்து.
மீதி எழுபதைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்தாள்.
மூன்று மணிக்குச் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தேன்:
காய்ச்சல்காரப் பிள்ளையின் அக்குள்.
வாங்குகிறவன் நாளைக்கும் வாங்கலாம்,
அடுத்த வாரமும் வாங்கலாம்.
இலைக்கு இருப்பது சாயங்காலம் வரை.

மாசியில் சமுதாயக் கூடத்தில் கருத்தரங்கு நடந்தது.
பிஸ்கட் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள்
(எங்கள் டீ இல்லை, ஏதோ பாக்கெட்).
வந்தவர் திரையில் இரண்டு கோடு போட்டார்,
ஒன்று ஏற, ஒன்று இறங்க.
அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில்
எல்லாம் தானாகச் சரியாகும் என்றார்.
தாங்காதவர்கள் வெளியேறுவார்கள் என்றார்.
பெள்ளியம்மாள் எழுந்து கேட்டாள்:
"வெளியேற எத்தனை மணிக்கு பஸ்?"
கூடமே சிரித்தது.
அவள் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மாமனார் உருளைக்கிழங்கு போட்டவர்.
ஜீப்பில் நாற்றோடு வந்தது அரசு.
குழியின் ஆழம் சொன்னது,
கடனுக்குக் கையெழுத்து இடும் இடம் சொன்னது.
மொத்தமாய் வாங்கிக்கொண்டிருந்த நாடு
ஒரு டிசம்பரில்
வரைபடத்திலேயே இல்லாமல் போனது.
பிறகு மனுவோடு போனால்
"விலையில் நாங்கள் தலையிடுவதற்கில்லை."
நடும்போது வரப்பு வரை வந்த ஜீப்புக்கு
விற்கும்போது மட்டும் வழி மறந்துவிட்டது.

ஒரு தேர்தல் வருடம்
கிலோவுக்கு இரண்டு ரூபாய் மானியம் தந்தார்கள்.
ஆலைகள் இரண்டு ரூபாய் குறைத்தன.

"இந்த ஓட்டை ஆலையை
தனியாரிடம் தள்ளிவிடுங்கள்,"
இலை ஏஜென்ட் குமரவேல் தினமும் சொல்வான்.
ஓட்டைதான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் விறகுக் கடன் கட்டாமல்
நாங்கள் மூடிக்கிடந்த மாதம்
மற்ற மூன்றிலும் நான்கு ரூபாய் இறங்கியது.
திறந்த மாதம் மூன்று ஏறியது.
நொண்டி நாய்தான்,
குரைக்கிறதே,
அது போதும் என்று சொல்லவில்லை.
அதுவும் இல்லாத இரவை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு
பெள்ளியம்மாள் எழுபது கிலோவையும்
சரிவில் கொட்டினாள்.
காட்டெருமை ஒன்று வந்து மோந்தது,
வேண்டாம் என்று போய்விட்டது.
காலிச் சாக்கை உதறி மடித்தாள்,
அது நாளைக்கு வேண்டும்.

கொட்டகையைப் பூட்டும் முன்
என் அரை ஏக்கர் இலையைத் தராசில் வைத்தேன்.
பதினெட்டு கிலோ.
எழுதுகிறவளும் நான்தான்,
பார்க்க யாரும் இல்லை.
ஈரக் கழிவு, இரண்டு
என்று எழுதியபிறகுதான் கவனித்தேன்,
அன்று முழுக்க
வெயில்.